பென்சிலில் எழுதிய டிரைவர்

மார்ச் 4, செவ்வாய்

மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. டிப்போவில் இருக்கிற அறுபத்திரண்டு டிரைவர்களும் நிரப்பித் தரவேண்டுமாம். 'உங்கள் வேலை உங்களுக்குத் திருப்தி தருகிறதா? வேலைக்கும் சொந்த வாழ்க்கைக்கும் நடுவே சமநிலை இருக்கிறதா? ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் இடவும்.' பெயர் எழுத வேண்டாம், மனம் திறந்து சொல்லலாம் என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். படிவத்தைக் கொடுப்பவரும் திருப்பி வாங்குபவரும் யார்? டூட்டி சார்ட் போடுகிற என் புருஷன். பதின்மூன்று வருஷமாக நான் எழுதுகிற மளிகை லிஸ்ட்டைப் படிக்கிறவர். இதில் பெயர் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன.

முதல் கேள்விக்கு ஐந்து போட்டேன். பொய் இல்லை. சந்தை முனையில் முழு நீள வண்டியை ஒரே வெட்டில் திருப்பி, இந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சும் அந்தப் பக்கம் பூத்தொட்டியும் படாமல் வெளியே எடுக்கும்போது எனக்குள் ஒன்று நிமிர்ந்து உட்காரும். அதற்கு ஐந்து போதாது.

இரண்டாவது கேள்விக்குக் கட்டத்துக்கு வெளியே ஒரு சைபர் போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்க்காதது மாதிரி கட்டோடு சேர்த்து வைத்தார்.

மார்ச் 5, புதன்

ஸ்ப்ளிட் டூட்டி என்றால் என்ன என்று ஒரு தடவை எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது வயிற்றெரிச்சல் அடங்குகிறதா பார்ப்போம்.

காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை வண்டி. அப்புறம் சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை வண்டி. நடுவில் இருக்கிற நேரம் 'உன்னுடையது' என்பார்கள். என்னுடையதாம்! என் பெண்ணுக்கு ஒன்பது வயசு. எட்டரைக்குப் பள்ளிக்கூடம் கிளம்புகிறாள். நான் ஒன்பதரைக்கு வீட்டுக்கு வருகிறேன். மூன்றேகாலுக்கு நான் கிளம்பவேண்டும். அவள் மூன்று நாற்பதுக்கு வருகிறாள். இருபத்தைந்து நிமிஷம். தினமும் அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் நானும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் தவறவிடுகிறோம். நான் திரும்பி வரும்போது அவள் சாப்பிட்டு, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, 'அம்மா வந்தாச்சா' என்று கேட்டுத் திரும்பிப் படுப்பாள்.

மூன்று வருஷமாக எனக்கு ஸ்ப்ளிட்தான். காலை நேர் டூட்டி என்று ஒன்று இருக்கிறது. ஐந்தரைக்கு ஏறினால் ஒன்றரைக்கு இறங்கிவிடலாம். அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சோறு போடும்போது கேட்டிருக்கிறேன், துணி மடிக்கும்போது கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்குப் போனால் பாத்திரம் கூப்பிடும். அதனால் இன்றைக்குப் போகவில்லை. ஷெட் ஓரம் நிற்கிற வண்டியில் கடைசி சீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மார்ச் 6, வியாழன்

"அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். இது இருபத்து நாலாவது அடுத்த மாசம்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கு எனக்கு வார ஓய்வு. ஓய்வு நாளில் ஏன் டிப்போவில் உட்கார்ந்து எழுதுகிறேன்? மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டான். அவன் டிரைவர்தான்; மாமனார் வீட்டில் யாராவது தும்மினால்கூட லீவு கேட்பான், அதனால் அந்தப் பெயர். நேற்று சாயங்காலம் அவனிடமிருந்து போன். இவர் நகம் வெட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "நாளைக்கு நீ வந்துடு" என்றார். உப்பு எடுத்துக் கொடு என்பது மாதிரி.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வெளியே போய் நாலு மாசம் ஆகிறது. இன்றைக்கு ஏரிக்கரைக்குப் போய் பாப்பாவுக்கு சைக்கிள் பழக்குவதாக இருந்தது. அப்பாவும் பெண்ணும் மட்டும் போயிருக்கிறார்கள். போகட்டும். நன்றாக இருக்கட்டும்.

டிப்போவில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "நாப்பத்தொண்ணு" என்பார், என் பேட்ஜ் நம்பர். நான் 'ஏங்க' என்று கூப்பிட்டால் காது கேட்காது. வேலை வேறு, வீடு வேறு என்பார். அவரும் டிரைவராக இருந்தவர்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஓட்டுவதைப் பார்த்துத்தான் நானே கனரக லைசென்ஸுக்கு அலைந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்து பீரோவில் வைத்திருக்கிறார். எதற்கோ.

மார்ச் 13, வியாழன்

நேற்று நடந்ததை நேற்றே எழுதியிருந்தால் பேனா முனை உடைந்திருக்கும்.

சாயங்காலம் இரண்டாவது நடை. தபால் ஆபீஸ் ஸ்டாப்பில் நிறுத்தினால், மாடி வீட்டு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு என் பெண் நிற்கிறாள். தலை சீவி, ரிப்பன் கட்டி, யாரோ விருந்தாளி வீட்டுக்குப் போகிற மாதிரி. ஏறினாள். கண்டக்டருக்கு அவள் யார் பெண் என்று தெரியாது, டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். எனக்கு நேர் பின்னால் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்க்கிறேன், என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே இருக்கிற போர்டைப் பார்க்கிறாள். 'வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசக் கூடாது.'

சிக்னலில் நின்றபோது "பாப்பா" என்றேன். அவள் உதட்டின் மேல் விரலை வைத்து, போர்டைக் காட்டினாள்.

நாலு ஸ்டாப். வாயைத் திறக்கவில்லை. அக்கா அழைத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கியபிறகு, அப்போதுதான் பேச அனுமதி மாதிரி, நடைபாதையிலிருந்து, "அம்மா, நாளைக்கும் வரட்டா?" என்று கேட்டாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் கதவை மூடினேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அழுகிற மாதிரி ஆகிவிட்டது. அவர் சிரித்தார். "பரவால்லையே, ரூல்ஸ் எல்லாம் கரெக்டா தெரிஞ்சு வெச்சிருக்கா" என்றார்.

ரூல்ஸாம் ரூல்ஸ்! பெத்த பொண்ணு டிக்கெட் வாங்கிட்டு வந்து அம்மாவைப் பாத்துட்டுப் போறா, இந்த மனுஷனுக்கு ரூல்ஸ் தெரியுதே தவிர வேற ஏதாவது தெரியுதா? எனக்கு வந்த கோபத்துக்கு டம்ளரைத்தான் கொஞ்சம் சத்தமாக வைக்க முடிந்தது.

மார்ச் 14, வெள்ளி

நாத்தனார் போன். இவர்தான் தன் அக்காவிடம் சொல்லியிருப்பார் போல. "பேசாம வேலையை விட்டுடேன். பொம்பளப் பிள்ளை வளர்ற வயசு" என்றாள். நல்ல யோசனைதான். பெண் வளர்கிற வயசில் அப்பா ஏன் வேலையை விடக்கூடாது என்று கேட்டேன். 'சரி, அடுப்புல வெச்சிருக்கேன்' என்று வைத்துவிட்டாள்.

எனக்கு வண்டி வேண்டும். எனக்கு என் பெண்ணும் வேண்டும். இரண்டில் ஒன்றை எடு என்று ஆளாளுக்கு நிற்கிறார்கள், கடையில் கலர் பார்க்கிற மாதிரி. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், டூட்டியை மாற்று என்று சொன்னால் என்னவாம்?

மார்ச் 17, திங்கள்

மெதுவாக எழுதுகிறேன்.

ஒர்க் ஷாப்பில் என்னைப் 'பென்சில்' என்பார்கள். கிரீஸ் என்று நாங்கள் கூப்பிடுகிற மெக்கானிக்தான் ஆரம்பித்தான், என்னைவிட ஐந்தாறு வயசு சின்னவன். எண்பது கிலோ இருக்கிறேன். குண்டாக இருக்கிறவளை ஒல்லி என்று கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து, நானும் இடுப்பைக் காட்டிச் சிரித்திருக்கிறேன். மூன்று வருஷமாக.

காலை நடை முடிந்து, வைப்பர் வேலை செய்யவில்லை என்று எழுதிக்கொடுக்க ஆபீசுக்குப் போனேன். அவர் மேனேஜர் ரூமில் இருந்தார். மேஜையில் சார்ட் விரித்தபடி கிடந்தது. அசல் சார்ட். நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை. போர்டில் ஒட்டுவது ஜெராக்ஸ், அதில் எல்லா எழுத்தும் ஒரே கறுப்பு.

அறுபத்தொரு பெயர் நீல மையில். ஒரு பெயர் பென்சிலில்.

என் பெயர் இருக்கிற இடத்தில் தாள் மெலிந்துபோயிருக்கிறது. அழித்து அழித்து எழுதியதில் நூல் நூலாக வந்திருக்கிறது. தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தால் வெளிச்சம் தெரிகிறது. பக்கத்தில் ரப்பர் தூள், ஊதிவிடக்கூட இல்லை.

கிரீஸிடம் போய் நின்றேன். எதற்கடா எனக்கு அந்தப் பெயர் என்றேன். அவன் ஸ்பானரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "உனக்குத் தெரியும்னு நினைச்சேன்கா. யார் லீவு போட்டாலும் சார்ட் சார் உன் பேரைத்தானே அழிச்சு அங்க எழுதுவாரு. அதான்…" என்றான்.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சிரித்துக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான்.

மார்ச் 18, செவ்வாய்

ஒன்பது மணிக்கு நேராக ஆபீஸ் ஜன்னலுக்குப் போனேன். "ஏங்க" என்றேன், நாலு பேர் கேட்கிற மாதிரி. அவர் தலையைத் தூக்காமல், வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றார்.

"வீட்டுல நாம எப்பங்க இருக்கோம்?"

அதற்குமேல் அவரால் எழுதுகிற மாதிரி நடிக்க முடியவில்லை. வெளியே வந்தார். டீசல் பங்க் ஓரம் நின்று பேசினோம். வேறு யார் பெயரை மாற்றினாலும் சண்டைக்கு வருவார்களாம், யூனியனுக்குப் போவார்களாம். "உன்னை மாத்தினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பொண்டாட்டிக்கு நல்ல டூட்டி போட்டுட்டான்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாரு" என்றார்.

அந்தப் பேச்சு வரவில்லை, வேறு பேச்சு வந்திருக்கிறது என்றேன். "எனக்குப் பென்சில்னு பேரு வெச்சிருக்காங்க. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பொய்யாவது சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு ஆட்டினார். தெரியுமாம்.

நேர்மையானவராம். டிப்போவே மெச்சுகிறது, சார்ட் சார் மாதிரி ஆள் கிடையாது, எல்லாருக்கும் நல்லவர் என்று. ஏன் நல்லவரா இருக்க மாட்டீங்க? நல்லவரா இருக்கறதுக்கு என்னை இல்ல அழிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க! ஊருக்கு இளைச்சவ நான். குட்டக் குட்டக் குனியறவளும் முட்டாள், குனியக் குனியக் குட்டறவனும் முட்டாள் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் இரண்டு முட்டாளும் ஒரே கட்டிலில்.

மார்ச் 19, புதன்

இரண்டு வருஷமாகப் பெண்டாட்டியாகக் கேட்டிருக்கிறேன். டிரைவராக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இது எனக்கு இன்று காலை மூன்றாவது நடையில், ரயில்வே கேட்டில் நிற்கும்போது தோன்றியது. எத்தனை மக்கு நான்.

எழுதிவிட்டேன். 'அனுப்புநர்: ஓட்டுநர் எண் 41. பெறுநர்: மேனேஜர். பொருள்: காலை நேர் டூட்டி, பணி மூப்புப்படி வழங்கக் கோருதல்.' டூட்டி சம்பந்தமான எந்த மனுவும் டூட்டி மேஜை வழியாகத்தான் போகவேண்டும். அதனால் ஜன்னலில் நீட்டினேன். அவர் படித்தார். பதிவேட்டில் ஏற்றினார். முத்திரையைக் குத்தினார், நேராக, கோணாமல். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

மார்ச் 21, வெள்ளி

பதில் வந்துவிட்டது. எங்கே? என் டிபன் பையில். மூடிக்கும் கரண்டிக்கும் நடுவில் மடித்து வைத்திருக்கிறார். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' முத்துமுத்தான கையெழுத்து, கீழே ஒப்பம். டப்பாவில் சோறும் அவர் கட்டியதுதான். மூன்று நாளாக அவரே கட்டுகிறார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது இதுதான்.

முதலில் சிரிப்பு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் கோபம் வந்தது. தங்களாம்!

மறுபடி எழுதினேன். மூப்புப் பட்டியலின் நகல் வேண்டும் என்று.

மார்ச் 24, திங்கள்

பேச்சு இல்லை. பாப்பா நடுவில் நின்று, "அம்மா, அப்பா பீரோ சாவி கேக்கறாங்க" என்கிறாள். இருப்பது இரண்டு ரூம். அவர் குரல் எனக்கே கேட்கிறது. இருந்தாலும் அவள் சொல்கிறவரை காத்திருந்து, "ஆணியில இருக்குன்னு சொல்லு" என்றேன்.

மார்ச் 26, புதன்

மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். வீட்டுச் சண்டையைத் தன் மேஜைக்குக் கொண்டு வருகிறோம் என்று அவருக்கு எரிச்சல். ஃபைலைத் திறக்காமலே, போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

"இது வீட்டுச் சண்டை இல்லை சார். நான் மூப்புல பதினேழாவது ஆளு. காலை நேர் டூட்டி இருபது இருக்கு."

பட்டியலைப் பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணினார். மறுபடி மேலிருந்து எண்ணினார். எத்தனை தடவை எண்ணினாலும் நான் பதினேழுதான். ஏன் கொடுக்கவில்லை என்று இவரைக் கேட்டார். இவர் அதையே சொன்னார்: குடும்ப ஆளுக்குச் சலுகை என்று பெயர் வரக்கூடாது. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அந்த ரூமில் அதைச் சொன்னபோது அவருக்கே நன்றாகக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் ஒன்றிலிருந்து நேர் டூட்டி. என் ஒப்பம் இல்லாமல் மாற்றக்கூடாது என்று மேனேஜர் எழுதிவிட்டார். ஜெயித்துவிட்டேன். ஜெயித்த மாதிரியே இல்லை. என் உரிமையை என் புருஷனிடமிருந்து ஒரு மூன்றாம் மனுஷன் வாங்கிக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

வெளியே வந்ததும் எட்டு நாளில் முதல் தடவையாக நேராகப் பேசினார். "இனிமே ஆள் வராத அன்னிக்கு நான் யாரைப் போடுவேன்?"

"அது சார்ட் போடறவரு கவலை. நான் டிரைவர்."

ஏப்ரல் 1, செவ்வாய்

கிரீஸ், "தேதியைப் பாருக்கா, நம்பிடாதே" என்றான். ஆனால் ஒன்றரைக்கு இறங்கிவிட்டேன். இரண்டு மணிக்கு வீடு. என்ன செய்வது என்றே தெரியவில்லை. ஜன்னலைத் துடைத்தேன். துடைத்த ஜன்னலை மறுபடி துடைத்தேன்.

மூன்று நாற்பதுக்குக் கதவு திறந்தது. பாப்பா பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். முகம் சின்னதாகிவிட்டது. "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் சாயங்காலம் அம்மா வீட்டில் இருந்தால் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றுதான் அவளுக்குத் தெரியும். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த மனுஷனை மன்னிக்கவே மாட்டேன் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாப்பிள்ளை நாளையிலிருந்து மூன்று நாள் லீவாம். இவர் சார்ட்டை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார். சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தருக்காகப் போன் போட்டார். காலை நடைக்கு ஒருத்தர் ஒத்துக்கொண்டார். சாயங்காலத்துக்கு யாரும் இல்லை. ஒருத்தருக்குக் கண் டாக்டர், ஒருத்தருக்கு மாடிப்படி கட்டுகிற வேலை. எல்லாருக்கும் வாழ்க்கை இருக்கிறது, இன்றைக்குத்தான் தெரிகிறது போல.

நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் தொலைந்தார். நான் பாப்பாவுக்கு சைக்கிள் பழக்க ஏரிக்கரைக்குக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது சார்ட் மடித்திருந்தது, பீரோ திறந்திருந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

மத்தியானம் டூட்டி முடித்துக் கையெழுத்துப் போடப் போனேன். ஜன்னலுக்குள் அசல் சார்ட் கிடந்தது. நீல மை, நீல மை, நீல மை. என் பெயரும். சாயங்கால நடை, மாப்பிள்ளை ஓட்டவேண்டிய வண்டி. அந்தக் கட்டத்தில் மட்டும் பென்சில். பேட்ஜ் நம்பர் இல்லை. அவருடைய பெயர்.

ஒரு நாள் தன் பெயரைப் பென்சிலில் எழுதிக்கொண்டால் மூன்று வருஷம் அழிந்துவிடுமா என்ன? எனக்கு அவ்வளவு சீக்கிரம் ஆறாது. அதை அவரிடமும் சொல்வேன்.

மூன்று நாற்பதுக்குப் பாப்பா வந்தாள். முகம் கழுவி, தலை சீவி, ரிப்பன் கட்டினேன். எங்கேம்மா என்றாள். வா என்றேன். தபால் ஆபீஸ் ஸ்டாப்பில் நின்றோம். வண்டி ஏழு நிமிஷம் லேட். ஏறினோம். அவர் காலையில் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போன அதே வெள்ளைச் சட்டை, அக்குளில் வேர்த்து ஒட்டியிருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். நேர் பின் சீட்டில் உட்கார்ந்தோம். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். வாயைத் திறக்கப் போனார். பாப்பா உதட்டில் விரலை வைத்து, போர்டைக் காட்டினாள்.

சந்தை முனை. ஒரே வெட்டில் வரவில்லை. பின்னால் எடுத்தார், மறுபடி ஒடித்தார், டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி ஓரம் வைத்தார். பின்னால் ஹாரன். பாப்பா என் காதில், "அப்பாவுக்கு ஓட்டத் தெரியாதாம்மா?" என்றாள்.

"தெரியும். பழக்கம் விட்டுப்போச்சு."

மூன்றாவது வெட்டில் வண்டி வெளியே வந்தது. கண்டக்டர் வந்து எதுவரை என்று கேட்டார். பாப்பா போன தடவை இறங்கிய நாலாவது ஸ்டாப்பைச் சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டு, கடைசி ஸ்டாப், இரண்டு என்றேன்.